ஜெனரேட்டர் வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள்

(வீட்டு மின்தேவைக்குச் சிறிய டீசல் ஜெனரேட்டர் தேர்ந்தெடுப்பது குறித்த இணையவழி உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசியில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள். உங்களுக்குப் புயல்களின் பெயரை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே. 2016 டிசம்பர் 12-இல் வர்தா. 2018 நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா. 2023 டிசம்பரில் மிக்ஜாம். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கம்பங்கள் நடப்பட்டு, கம்பி இழுத்து, மின்சாரம் திரும்ப வருவதற்குள் வீட்டில் ஒரு பேச்சு எழும்: "பேசாம ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுடலாமா?"

நியாயமான கேள்விதான். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. குடிக்கத் தண்ணீர் கீழே இருக்கிறது, மேலே ஏற்ற மின்சாரம் இல்லை. வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுத்து, அதற்கு வாடகை வாங்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றக்கூடக் காசு கொடுத்த நாட்கள் அவை. அந்த அனுபவம் உள்ள ஒருவரிடம் போய் "ஜெனரேட்டர் தேவையில்லாத செலவு" என்று நான் சொன்னால் சிரிப்பார்.

நான் சொல்ல வந்தது வேறு. டீசல் ஜெனரேட்டர் லட்ச ரூபாய்க் கணக்கில் போகிற பொருள். பல வீடுகளில் அதைக் கடைக்காரர் சொன்ன அளவில், அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய மாடலில் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் பார்த்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, எதற்காக வாங்கினோமோ அந்தத் தண்ணீர் மோட்டார் மட்டும் ஓட மாட்டேன் என்கிறது. இல்லையென்றால் நேர்மாறாக, இரண்டு ஃபேன் போடுவதற்குப் பெரிய இன்ஜினை விடிய விடிய ஓட்டி டீசலுக்கு அழுகிறார்கள். இந்த இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. நிறுவனப் பெயர் எதையும் சொல்ல மாட்டேன், இது அரசு இதழ். ஆனால் கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மின்சாரம் போனால் ஓடியே ஆக வேண்டியவை எவை? அவற்றை மட்டும் படம் எடுங்கள். பொருளைப் படம் எடுத்தால் போதாது, அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டையோ ஸ்டிக்கரையோ எடுக்க வேண்டும். வாட் எவ்வளவு, எச்.பி. எவ்வளவு, சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று அதில்தான் இருக்கும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 30 வாட் சுமார். எல்.இ.டி. பல்பு 9 வாட். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட் மாதிரி எடுக்கும். டிவி 80, வைஃபை பெட்டியும் போன் சார்ஜரும் சேர்த்து ஒரு 30.

கணக்குப் போடுவோம். 3 ஃபேன், 6 பல்பு, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டிவி, வைஃபை, சார்ஜர். எல்லாம் சேர்த்தால் 540 வாட் வருகிறது. அவ்வளவுதான். நடுத்தரக் குடும்பம் ஒன்று புயல் நேரத்தில் கௌரவமாக வாழ அரை கிலோவாட் சொச்சம் போதும்.

இப்போது அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பொருளைச் சேருங்கள்: 1 எச்.பி. போர்வெல் மோட்டார். ஓடும்போது அது 1,100, 1,200 வாட்தான் எடுக்கும். கூட்டினால் 1.7 கிலோவாட். "சரி, 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதுமே" என்று தோன்றும். போதாது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடியில் அது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இருக்கும். மின்வாரிய லைனில் அந்த இழுப்பு தெரிவதில்லை. டியூப்லைட் ஒரு நொடி மங்கும், அவ்வளவுதான். சின்ன ஜெனரேட்டருக்கோ அந்த இழுப்பு தாங்காது. இன்ஜின் திணறும், வோல்டேஜ் சரியும், மோட்டார் கிளம்பாமல் "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு நிற்கும். அப்படியே விட்டால் மோட்டார் காயில் கருகும். ஜெனரேட்டரும் கெட்டு மோட்டாரும் கெட்டது என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

1 எச்.பி. போர்வெல் மோட்டாருக்கு 3 முதல் 5 கே.வி.ஏ. வரை ஜெனரேட்டர் வேண்டும். எந்த வகை ஆல்டர்னேட்டர், அது வோல்டேஜை எவ்வளவு நன்றாகப் பிடித்து நிற்கும் என்பதைப் பொறுத்து இந்த வித்தியாசம். நானாக இருந்தால் மேல்பக்கக் கணக்கையே எடுத்துக்கொள்வேன். ஆக, உங்கள் வீடு எவ்வளவு பெரியது, எத்தனை அறை என்பதெல்லாம் ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிப்பதில்லை. மோட்டார் இல்லாவிட்டால் 1 கே.வி.ஏ. போதும், மோட்டார் இருந்தால் 5 கே.வி.ஏ. வேண்டும். நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளி முழுக்க ஒரு நொடி நேரக் கிளப்பலுக்கான விலை!

இதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு வேறு வழிகளும் தெரிய ஆரம்பிக்கும். மொட்டை மாடியில் கூடுதலாக ஒரு 2,000 லிட்டர் தொட்டி வைத்து, புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிக்கொள்ளும் வீட்டுக்கு முதல் சில நாட்களுக்கு மோட்டாரே தேவைப்படாது. அந்தத் தொட்டி ஜெனரேட்டரைவிடப் பல மடங்கு மலிவு. எச்சரிக்கையைத் தெரிந்துகொள்ள டி.என். அலர்ட் செயலி உங்கள் போனிலேயே இருக்கலாம். இல்லையென்றால் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: நாலு வீடு சேர்ந்து ஒரு ஜெனரேட்டர். மோட்டார் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஓடினால் போதும். நாலு வீட்டுக்கும் தனித்தனியே 5 கே.வி.ஏ. வாங்கி வைத்து, வருஷத்தில் 360 நாள் தூசி தட்டிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது? பங்காளிச் சண்டை வராத தெருவாக இருந்தால் இதை யோசிக்கலாம்.

மோட்டார் பட்டியலிலேயே இல்லை, வீட்டில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ்தான் என்பவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்கிறேன்: டீசலே வேண்டாம். அவ்வளவு சின்ன அளவில் டீசல் இன்ஜின் எடை, சத்தம், அதிர்வு மூன்றும் கூடுதல். இன்வெர்ட்டரும் பேட்டரியும் வையுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால் கையில் தூக்கிச் செல்கிற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் போதும். டீசல் எடுபடும் இடம் வேறு. மோட்டார் ஓட வேண்டும், நாள் கணக்கில் மின்சாரம் வராது, எரிபொருளை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்கிற வீட்டுக்கு டீசல். பெட்ரோல் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், வீட்டில் கேனில் வைப்பது ஆபத்து. டீசல் அந்த அளவுக்கு இல்லை. அதற்காக அடுப்பங்கரையில் வைக்கச் சொல்லவில்லை!

சரி, டீசல்தான் என்று முடிவாகிவிட்டது. கடைக்குப் போகிறீர்கள்.

"5 கே.வி.ஏ. சார், வீடு பூரா ஓடும்" என்பார் கடைக்காரர். நீங்கள் இன்ஜினின் தகட்டைப் பாருங்கள். ஜெனரேட்டர் என்பது இரண்டு பாகம்: சுற்றுவது இன்ஜின், மின்சாரம் கொடுப்பது ஆல்டர்னேட்டர். நம்ம ஊரில் டைனமோ என்பார்கள். ஒரு கே.வி.ஏ.வுக்கு ஏறக்குறைய 2 எச்.பி. இன்ஜின் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 5 கே.வி.ஏ. என்றால் 10 எச்.பி.யை ஒட்டி இருக்க வேண்டும். 5 எச்.பி. இன்ஜினில் 5 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டரைப் பூட்டி, "5 கே.வி.ஏ." என்று பெரிதாக எழுதியிருந்தால், அதிலிருந்து உருப்படியாகக் கிடைப்பது இரண்டரைதான். ஊரில் ஏற்கெனவே ஆயில் இன்ஜின் வைத்திருக்கும் விவசாயிகள் பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிக்கொள்வது உண்டு. அது நல்ல யோசனைதான், ஆனால் அங்கேயும் இதே கணக்குதான் செல்லும்.

கே.வி.ஏ., கிலோவாட் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கே.வி.ஏ.வை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். 5 கே.வி.ஏ. என்பது 4 கிலோவாட். சில தகடுகளில் "மேக்ஸ்" என்று ஒரு எண்ணும் "ரேட்டட்" என்று ஒரு எண்ணும் இருக்கும். மேக்ஸ் என்பது கொஞ்ச நேரம் தம் கட்டி நிற்பது. நீங்கள் காசு கொடுக்க வேண்டியது ரேட்டட் எண்ணுக்கு.

த்ரீ ஃபேஸ் விஷயத்தில் பலருக்கும் குழப்பம். வீட்டுக்கு வரும் சர்வீஸ் த்ரீ ஃபேஸ், அதனால் ஜெனரேட்டரும் த்ரீ ஃபேஸ் என்று வாங்கிவிடுகிறார்கள். 7.5 கே.வி.ஏ. த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டரில் ஒரு ஃபேஸுக்கு 2.5 கே.வி.ஏ.தான். உங்கள் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் அந்த ஒரு ஃபேஸில்தான் தொங்கும், கிளம்பாது. மோட்டார் த்ரீ ஃபேஸ் என்றால் மட்டும் ஜெனரேட்டர் த்ரீ ஃபேஸ். மோட்டார் சிங்கிள் ஃபேஸ் என்றால் ஜெனரேட்டரும் சிங்கிள் ஃபேஸ். சர்வீஸ் எதுவாக இருந்தாலும் சரி.

அடுத்து வேகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதைக் கொடுக்க இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றலாம், அல்லது 1,500 சுற்று சுற்றலாம். 3,000 சுற்று இன்ஜின் சின்னது, லேசானது, விலை குறைவு, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். ஆனால் சத்தம் அதிகம், ஆயுள் குறைவு. 1,500 சுற்று இன்ஜின் கனமானது, பலதும் தண்ணீரில் குளிர்பவை, வருஷக்கணக்கில் உழைக்கும். வருஷத்துக்குப் பத்து நாள் ஓட்டப் போகிற வீட்டுக்கு 3,000 சுற்று போதும். தினமும் ஓட்ட வேண்டிய பண்ணை வீடு, கடை என்றால் 1,500-க்குப் போங்கள். கடையில் கூடவே கேட்டுவிடுங்கள்: ஆல்டர்னேட்டர் காயில் செம்பா, அலுமினியமா? வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் ஏ.வி.ஆர். இருக்கிறதா? செம்பு, ஏ.வி.ஆர். உண்டு என்று சொன்னால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.

புது ஜெனரேட்டர் என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிக்கு உட்பட்டதா என்பதும் முக்கியம். 2023 ஜூலை 1 முதல் "சி.பி.சி.பி. 4 பிளஸ்" என்ற புகைக் கட்டுப்பாட்டு அளவு நடைமுறைக்கு வந்திருக்கிறது. சத்தமும் அப்படித்தான்: உறையோடு வரும் டீசல் ஜெனரேட்டரில் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதிக்கப்பட்ட சத்தம் 45 டெசிபல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க வேண்டும். வீட்டளவைத் தாண்டிப் பெரிய ஜெனரேட்டராகப் போனால், வாங்கும் முன்பே மின் ஆய்வுத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது செலவு. சின்ன டீசல் ஜெனரேட்டர் நல்ல லோடில் ஓடும்போது ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் மாதிரி கொடுக்கும். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது. அப்படியானால் ஒரு யூனிட் 30 ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக வாங்கிப் பழகிய நமக்கு இது பெரிய அடிதான். நல்ல லோடில் ஓடினால்தான் இந்தக் கணக்கும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரை ராத்திரி முழுக்க இரண்டு ஃபேனுக்கும் நாலு பல்புக்கும் ஓட்டினால், லோடு 200 வாட்கூட இல்லை, ஆனால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் டீசலைக் குடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய். இரண்டு ஃபேனுக்கு!

பணம் மட்டும் இல்லை. டீசல் இன்ஜினுக்கு வேலை வேண்டும். லோடு மிகக் குறைவாக இருந்தால் உள்ளே போதுமான சூடு ஏறாது, டீசல் முழுசாக எரியாது, கரி படியும், புகைக்குழாயில் கருப்பாக எண்ணெய்ப் பசை வழியும். அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் லோடு கொடுத்து ஓட்ட வேண்டும்.

அதனால் நான் பரிந்துரைப்பது இதுதான்: ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் ஜோடியாகப் பயன்படுத்துங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர். அந்த நேரத்துக்குள் முதலில் மோட்டார், அது கிளம்பி நின்ற பிறகு ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ், எல்லா வேலையும். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு இரவுக்கு இன்வெர்ட்டர். சாதாரண 150 ஏ.எச். பேட்டரி நாலு மணி நேரத்தில் முழுசாக ஏறாது, பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்கும். ஆனால் நாலு மணி நேரம் ஏறியதே இரண்டு பி.எல்.டி.சி. ஃபேனும் இரண்டு பல்பும் இரவைத் தள்ளப் போதும். பழைய 75 வாட் ஃபேன் என்றால் போதாது. ஃபேனை மாற்றுவதும் ஜெனரேட்டர் திட்டத்தில் ஒரு பகுதிதான்!

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கும் நோயாளி இருந்தால் கணக்கு மாறும். 5 லிட்டர் மெஷின் 350 வாட் மாதிரி எடுக்கும், இடைவிடாமல் ஓட வேண்டும். ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணும் இடைவெளிகூட அவருக்கு இருக்கக் கூடாது. நடுவில் கட்டாயம் இன்வெர்ட்டர் வேண்டும், ஒரு நிரப்பிய சிலிண்டரும் வேண்டும்.

அடுத்து நான் சொல்லப் போகும் இரண்டு விஷயமும் உயிர் சம்பந்தப்பட்டவை. இதுவரை கேட்டதை மறந்தாலும் பரவாயில்லை.

முதலாவது புகை. இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. பெட்ரோலைவிட டீசல் புகையில் குறைவுதான், ஆனால் மூடிய இடத்தில் உயிரை எடுக்க அது போதும். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. மழை அடிக்கிறது, ஜெனரேட்டர் நனையுமே என்று அதைக் கார் ஷெட்டுக்குள், வராண்டாவுக்குள், படிக்கட்டுக்கு அடியில் இழுத்து வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. செய்யாதீர்கள். வெளியே, மேடை போட்டு, மேலே மட்டும் கூரை, நாலு பக்கமும் காற்று. ஜன்னல், கதவிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மேடை உயரம் போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற அளவுக்கு மேலே இருக்கட்டும். 20 அடி இடமே இல்லை, சுவரோடு சுவர் ஒட்டிய வீடு என்றால் உங்களுக்கு ஜெனரேட்டர் சரிப்படாது. பேட்டரியைப் பெரிதாக்குங்கள்.

இரண்டாவது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச்.

வீட்டு வயரிங்குக்கு ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்துதான் மின்சாரம் வரலாம்: ஒன்று மின்வாரிய லைன், இல்லையென்றால் ஜெனரேட்டர். நடுவில் இரண்டையும் பிரித்து நிற்பது சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அது இல்லாமல், இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் சொருகிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே சார் பண்றோம்" என்பார்கள். ஒரு நாள் மெயினை ஆஃப் பண்ண மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாகத் தெருக்கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. 11,000 வோல்ட்டை 230 ஆக்கும் அதே பெட்டி, பின்னாலிருந்து 230 கொடுத்தால் அந்தப் பக்கம் 11,000 ஆக்கிவிடும்.

அந்தக் கம்பியில் யார் கை இருக்கும்? கஜா சமயத்தில் வேறு மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்து நம் ஊர் வயலில் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். லைன் ஆஃப் என்று துணை மின்நிலையத்தில் உறுதி செய்துவிட்டுத்தான் வயர்மேன் கம்பம் ஏறுகிறார். லைனை எர்த் பண்ணிவிட்டுத்தான் தொட வேண்டும் என்ற விதி அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான கம்பங்கள் சாய்ந்து, ஊரே "எப்ப கரண்ட் வரும்" என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது, நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் யாரோ பிளக்கைச் சொருகியது அவருக்கு எப்படித் தெரியும்? நமக்கு மின்சாரம் கொடுக்க வந்தவர் நம் ஜெனரேட்டரால் சாகக்கூடாது. உங்கள் வீட்டுக்கும் இதில் ஆபத்துதான். ஜெனரேட்டர் ஓடும்போது மின்சாரம் திரும்ப வந்தால் இரண்டும் மோதி ஆல்டர்னேட்டர் எரியும், தீப்பிடிக்கவும் செய்யும். அந்த இரட்டை பிளக் வயரின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் குழந்தை தொட்டால் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஜெனரேட்டருக்குப் பேரம் பேசும்போதே சேஞ்ச் ஓவருக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் சுவிட்சாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். ஜெனரேட்டர் பாடிக்குத் தனி எர்த் போடச் சொல்லுங்கள். வீட்டில் உயிர்காக்கும் டிரிப்பர், அதாவது ஆர்.சி.டி., இருந்தால் ஜெனரேட்டர் ஓடும்போதும் அது வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டன் விழுந்துவிட்டது என்பதோடு விட்டுவிடாமல், ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும்போது டிரிப்பர் விழாது. பக்கத்துத் தெருவில் யாராவது பிளக் வயர் வைத்து ஓட்டுவது தெரிந்தால் முதலில் அவரிடமே பேசுங்கள். கேட்கவில்லை என்றால் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அறுந்து கிடக்கும் கம்பியைப் பற்றிச் சொல்லவும் அதே எண்தான்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டுங்கள், மோட்டாரையே போடலாம். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் பண்ணும் முன் ஆயில் அளவைக் குச்சியில் பாருங்கள். புது இன்ஜினுக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும், கையேட்டில் மணிக்கணக்கு இருக்கும். டேங்க் காலியாகும்வரை ஓட்டாதீர்கள். டீசல் இன்ஜின் வறண்டு நின்றால் குழாயில் காற்று புகுந்து ஏர் லாக் ஆகும். அப்புறம் டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது, காற்றை எடுக்க வேண்டும். காற்று எடுப்பது எப்படி என்று வாங்கிய அன்றே மெக்கானிக்கைச் செய்து காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புயலன்று ராத்திரி மெக்கானிக் வர மாட்டார், சிக்னலும் இருக்காது.

இனி, பதிவு செய்தவர்கள் முன்கூட்டியே அனுப்பிய கேள்விகளில் அதிகம் வந்த இரண்டு.

பழைய ஜெனரேட்டர் வாங்கலாமா? வாங்கலாம், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறதா என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. ஓடும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, உள்ளே தேய்மானம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வந்தாலும் அதேதான். பிறகு இஸ்திரிப்பெட்டியோ ஹீட்டரோ மாட்டி லோடு கொடுத்து, மல்டிமீட்டரில் 230 வோல்ட்டை ஒட்டி நிற்கிறதா, 50 ஹெர்ட்ஸிலிருந்து ரொம்பச் சரிகிறதா என்று பாருங்கள். ஹெர்ட்ஸ் காட்டும் மீட்டரோடு எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போவது நல்லது.

இரண்டாவது கேள்வி, கூரையில் சோலார் போட்டிருக்கிறோம், எங்களுக்கு ஜெனரேட்டர் தேவையா என்பது. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வாங்கிப் பலர் போட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆன் கிரிட் வகை. மின்வாரிய லைனில் மின்சாரம் இல்லையென்றால், வெயில் கொளுத்தினாலும் அந்த சோலார் தானாக நின்றுவிடும். கோளாறு என்று நினைக்காதீர்கள். கம்பத்தில் ஏறும் வயர்மேனைக் காப்பாற்றத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே புயலுக்குப் பிறகு அது உதவாது. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால் உதவும். ஜெனரேட்டர் வாங்குவதாக இருந்தால் சோலார் மாட்டியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆன் கிரிட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரின் மின்சாரத்தை மின்வாரிய லைன் என்று நினைத்துக்கொண்டு அதற்குள் தன் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும், ஜெனரேட்டர் கெடும். சேஞ்ச் ஓவர் சுவிட்சில் சோலார் இணைப்பு மின்வாரியப் பக்கம் இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மோட்டார் தகட்டின் படம் போனில் வந்துவிட்டதா? இல்லையென்றால் இப்போதே எழுந்து போய் எடுங்கள்.